பின்பக்கத்துக் கித்தான்

கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கித்தானை ஜீப்பின் பின்பக்கத்து வளைவுக் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டினார் காத்தமுத்து.

மறுபக்கம் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய மகள் அகிலாண்டத்துக்கு, அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டால் என்ன என்றிருந்தது.

தன்னை மூடி வைக்கப் போகிற துணியைத் தானே பிடித்துக் கொடுக்கும்படி ஆகிவிட்டதே!

மன்னார்புரத்தில் அந்த ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது காத்தமுத்து எடுத்தது. கூரை என்று ஒன்று அதற்கு என்றைக்கும் இருந்ததில்லை. வெயிலோ மழையோ, பின்னால் வாழைத்தார்களை அடுக்கிக்கொண்டு மண்டிக்குப் போகும். கொஞ்ச காலமாக அதை ஓட்டுவது அகிலாண்டம்தான்.

புருஷன் காய்ச்சலில் போன பிறகு, மூலையில் முடங்காதே என்று அவளை இழுத்துக்கொண்டு போய், காவிரி வற்றிய கோடையில் மணலில் ஜீப்பை இறக்கி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அப்பாதான். அந்த அப்பாவா இன்றைக்கு இப்படி?

இன்றைக்குச் சித்தப்பா மகளுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். அகிலாண்டம் அக்கா வராவிட்டால் மணையில் உட்காரவே மாட்டேன் என்று கல்யாணப் பெண் அடம்பிடித்திருந்தாள். சித்தப்பா ரங்கசாமிக்குப் பெண்ணின் பேச்சைத் தட்டவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. முந்தாநாள் வந்து அப்பாவிடம் நைச்சியமாக ஒரு வழி சொன்னார்.

"தாலி இல்லாத பொண்ணு முகூர்த்த வேளையில முன்னால உக்காந்து ஓட்டிக்கிட்டு வந்தா, சம்பந்தி வீட்டுல மூஞ்சியச் சுளிப்பாங்கண்ணே. பின்னால மறைப்புக் கட்டி உள்ள உக்கார வச்சுக் கூட்டிட்டு வாங்க. வண்டிய நீங்க ஓட்டுங்க. குடும்பத்துக்கு மூத்தவரு, பந்தல்ல உங்களத்தானே மொதல்ல நிறுத்தணும்."

அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தலையாட்டிவிட்டு நேரே பாலக்கரைக்குப் போய், வண்டிகளுக்குக் கூடாரம் தைக்கும் அப்துல் ரஹீமிடம் சொல்லிவிட்டு வந்தார். ஊரையே எடுத்தெறிந்து பேசுகிற மனுஷனுக்குத் தம்பி என்றதும் வாய் அடைத்துப் போயிற்று. அன்றிலிருந்து அகிலாண்டம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரஹீம் பாயின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கித்தான் அளவெடுத்த சட்டையாக வண்டிமேல் உட்கார்ந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் இடுக்குத் தெரிந்தது. அப்பா அதையும் விடவில்லை. போட்ட கட்டை அவிழ்த்து, கித்தானை இன்னும் இறுக்கி, மறுபடி முடிச்சுப் போட்டார். இவ்வளவு சிரத்தை எதற்கு வேண்டிக்கிடக்கிறது என்று அகிலாண்டம் மனசுக்குள் கறுவினாள்.

அண்ணனைக் கையோடு அழைத்துப் போவதற்காக வந்திருந்த ரங்கசாமி, வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்பா கை கழுவியதுதான் தாமதம், அண்ணன் நெற்றியில் சந்தனம் வைத்து, தோளில் புதுப் பட்டுத் துண்டைப் போட்டார். போகிற போக்கில் கித்தானையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

அப்பா பின்பக்கத் தொங்கலைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே கும்மிருட்டு. கித்தானில் பூசிய மெழுகின் வாடை குப்பென்று வந்தது.

தங்கச்சிக்காக இப்போது ஏறுவது, திரும்பி வந்ததும் இந்தக் கித்தானைக் கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை. இப்படி முடிவு செய்துகொண்டு, அகிலாண்டம் முந்தானையை இழுத்துச் செருகிக் காலைத் தூக்கி வைத்தாள்.

"நீ எங்க ஏறுற? போயி வண்டிய எடு" என்றார் அப்பா.

பட்டுத் துண்டை எடுத்து மடித்துத் தம்பியின் கையில் கொடுத்தார். நெற்றிச் சந்தனத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து உள்ளே ஏறி, வெறும் தகரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே இது! நீங்க போயி..." என்று பதறினார் ரங்கசாமி.

"சோடியப் பறிகொடுத்தவங்க மூஞ்சி ஆகாதுன்னா, உங்க அண்ணி செத்து ஒம்பது வருஷம் ஆச்சு, ரங்கா. இத்தன விசேஷத்துக்கு என்னை எப்படிடா முன்னால நிறுத்துன?"

கேட்டுவிட்டுத் தொங்கலை இறக்கிவிட்டுக்கொண்டார்.

 பேசாமல் இருந்த நாட்களை நினைத்து அகிலாண்டத்துக்கு வெட்கமாக இருந்தது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை மிதித்தாள். ஜீப் ஒரு செருமு செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு சித்தப்பா. ஏறுங்க."

மூத்தவரில்லாமல் போய்ப் பந்தலில் நின்றால் சம்பந்தி கேட்கிற முதல் கேள்விக்கே ரங்கசாமியிடம் பதில் கிடையாது. பின்னால் ஏறலாமென்றால் தொங்கல் உள்பக்கமாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஊர் பார்க்க, பட்டுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி தெருமுனை திரும்பும்போது கித்தானுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மெதுவாப் போ ஆத்தா. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."