இருபத்தேழாம் நம்பர்

ஒரு பொம்பளைப் பிள்ளையோட வேலையைப் பறிக்க உங்களுக்கு எத்தனை சாட்சி வேணும்? மிக்கேல்ராஜுக்கு ஒரு நம்பர் போதுமா இருந்திச்சு. இருபத்தேழு.

கூட வேலை பாக்குற ஷாந்தினியோட கம்ப்யூட்டர் மெஷின்ல அந்த நம்பர் தெரிஞ்சதும் மேனேஜர் சாமிநாதன் அவன் தோளைத் தட்டினார். "நல்லா பாத்துட்டியா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"நம்பர் பொய் சொல்லாது சார்."

விஷயம் என்னன்னா, அன்னைக்குக் காலையில யாரோ கோலாலம்பூர் ஹெட் ஆப்பீசுக்கு மொட்டை ஈமெயில் போட்டுட்டாங்க. மேனேஜர் கம்பெனி லோரியில குடும்பத்தோட கடற்கரைப் பக்கம் உம்பாய்க்குப் போயி சுட்ட மீன் தின்னுட்டு, டீசலைக் கம்பெனி கணக்குல எழுதுறாராம். கிளம்பினது இந்த ஆப்பீஸ்ல உள்ள ஏழு மெஷின்ல ஒண்ணுல இருந்துதான்.

ஆப்பீஸ் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிறது மிக்கேல்ராஜ். ஈமெயில்ல பேரைப் பொய்யா போட்டுக்கலாம், அதைத் தூக்கிட்டுப் போற எஸ்.எம்.டி.பி. ஏன் எதுக்குன்னு கேக்காது. ஆனா எந்த மெஷின்ல இருந்து கிளம்பிச்சோ அந்த நம்பரை மேல முத்திரை குத்திடும். இந்த ஈமெயில்ல குத்தியிருந்தது இருபத்தேழு. ஆளைக் கண்டுபிடிச்சுக் குடு, உன்னை நிரந்தரமாக்குறேன்னு மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஷாந்தினி கூச்சல் போடல. மத்தியானம் இடி இடிச்சு கரண்டு போயிடுச்சு, திரும்ப வந்ததும் எல்லாரும் மெஷினைத் தொறந்தாங்க, தான் சாப்பிட்டுட்டு வந்து கடைசியாத்தான் தொறந்தேன்னு சொல்லிப் பாத்தா. மேனேஜர் காதுலயே போட்டுக்கல, நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம்னுட்டார்.

அவ கைப்பையை எடுத்துக்கிட்டு மிக்கேல்ராஜ் பக்கம் திரும்பினா. "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே."

அவன் கீபோர்டைத் துடைச்சுக்கிட்டிருந்தான்.

அவ வீட்டு நிலைமை அவனுக்குத் தெரியும். அப்பா தம்புசாமி பால் மரம் வெட்டின ரப்பர் தோட்டத்தை வித்துட்டாங்க. தோட்டத்து லயத்து வீட்டைக் காலி பண்ணிட்டு புக்கிட் காத்தில்ல வாடகை வீட்டுக்கு இப்பத்தான் வந்தாங்க. அந்த வாடகை இவ சம்பளந்தான்.

சாயந்தரம் டீ குடிக்கிறப்ப ஸ்டோர் ஹரிதாஸ் பக்கத்துல வந்து உக்காந்தான். தினமும் காலையில எல்லாருக்கும் கடைசியா வந்து மேனேஜர்கிட்ட திட்டு வாங்குறவன் அவன். இந்த நம்பரை எவன் குடுக்கிறான்னு கேட்டான்.

மூலையில மினுக்கு மினுக்குன்னு எரியுதே, அந்த டப்பாதான்னு மிக்கேல்ராஜ் சொன்னான். டி.எச்.சி.பி.ன்னு பேரு. அரசாங்க கிளினிக்ல நம்பர் எடுக்கிற மாதிரி, முதல்ல தொறக்கிறவனுக்கு இருபத்தொண்ணு, அடுத்தவனுக்கு இருபத்திரெண்டு. கரண்டு போனா பழசெல்லாம் மறந்துட்டு மறுபடி இருபத்தொண்ணுல இருந்து ஆரம்பிக்கும்.

ஹரிதாஸ் ரொட்டி கடிக்கிறதை நிறுத்தினான். "அப்ப கடைசியா தொறக்கிறவன்தான் இருபத்தேழா, மச்சான்?"

மிக்கேல்ராஜ் டீ கிளாஸைக் கீழ வச்சான். ஈமெயில் போனது காலையில. இடி இடிச்சது மத்தியானம். அவன் நம்பரைப் பாத்தது அதுக்கப்புறம். அப்ப காலையில இருந்த இருபத்தேழு வேற ஆளு.

நேரா மேனேஜர் ரூமுக்குத்தான் போனான். வாயைத் தொறக்கிறதுக்குள்ள அவரே ஆரம்பிச்சிட்டார். நாளைக்குக் காலையில ஹெட் ஆப்பீஸ் ஆளு நேர்ல வர்றாராம், அந்த நம்பரைக் கண்ணால பாக்கணுமாம். அதோட இவன் நிரந்தரக் கடுதாசியிலயும் அவர்தான் கையெழுத்துப் போடப் போறாராம்.

"என்னமோ சொல்ல வந்த?"

"ஒண்ணும் இல்ல சார்."

மேனேஜர் எப்பவும் போல மெயின் சுவிட்சை அடைச்சு மொத்தக் கரண்டையும் நிறுத்திட்டு வீட்டுக்குப் போனார். ராத்திரி பூரா மிக்கேல்ராஜுக்குத் தூக்கம் இல்ல.

மறுநாள் காலையில அவன் மோட்டார் சைக்கிள் ஆப்பீஸ் பக்கம் போகல, புக்கிட் காத்தில் பக்கம் திரும்பிச்சு. ஷாந்தினி வீட்டு கேட்டுக்கு முன்னால எஞ்சினை அடைச்சிட்டு நின்னான். அவ அம்மா பெத்தம்மாள் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க.

"ஆப்பீஸ் தம்பியா? பசியாறிட்டியா? பிள்ளையக் கூப்பிடவா?"

சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லிட்டு மோட்டாரைத் திருப்பினான்.

ஆப்பீசுக்கு வந்து சேந்தப்ப எல்லாரும் வந்தாச்சு. என்னைக்கும் இல்லாம ஹரிதாஸ் விடியறதுக்குள்ள முதல் ஆளா வந்து மெஷினைத் தொறந்து வச்சிருந்தான். ஹெட் ஆப்பீஸ் ஆளு ஷாந்தினி மேசைக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னார். அவருக்குக் காட்டணும்னு மேனேஜரே அவ மெஷினைத் தொறந்து வச்சிருந்தார். அதுல இருபத்திரெண்டு இருந்திச்சு.

ஒவ்வொரு மேசையா பாத்துட்டு வந்தாங்க. எதுலயும் இருபத்தேழு இல்ல. மிச்சம் மிக்கேல்ராஜ் மெஷின் ஒண்ணுதான். அதையும் தொறக்கச் சொன்னார் ஹெட் ஆப்பீஸ் ஆளு.

மிக்கேல்ராஜ் தொறந்தான். மேனேஜர் குனிஞ்சு பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தார்.

"நம்பர் பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்ன, மிக்கேலு."