ஆறு மணி வரைக்கும்

"டேய், என் பர்ஸைக் கொடுடா! மருந்துக் கடையை மூடிடுவான்!"

சிங்கப்பூர் தேக்கா நிலையத்து உணவுக் கடைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீக்கடை ஜரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன சனிக்கிழமையும் இதே மேசை, இதே கூத்து. நரைத்த தலை சேதுபதி கெஞ்சுவார். அவர் மனைவியின் தம்பி ராமலிங்கமோ, பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பான்.

"இன்னொரு டீ சொல்லட்டுமா மச்சான்?"

"உன் தலையில ஊத்திக்கோ! என் காசுடா அது. நான் உழைச்சது!"

"அப்புறம் தரேன்."

சேதுபதிக்கு நெற்றி வேர்த்துக் கொட்டியது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

ஜரீனா கைத்துணியை வீசிவிட்டு வந்தாள்.

"தம்பி, பெரியவர் மயங்கி விழுந்தா யார் பதில் சொல்றது? கொடுங்க அதை."

"இது எங்க குடும்ப விஷயம்க்கா..."

"என் கடை முன்னாடி நடந்தா எனக்கும் விஷயம்தான். சொந்தக் காசுக்கு மனுஷனைக் கெஞ்ச விடறீங்களே, வெட்கமா இல்லே? கொடுக்கறீங்களா, போலீஸைக் கூப்பிடவா?"

"கொடுத்துடுப்பா" என்றார்கள் பக்கத்து மேசைக்காரர்கள்.

ராமலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தான். அந்த நேரத்தில் ஜரீனா பர்ஸைப் பறித்து சேதுபதியிடம் நீட்டிவிட்டாள்.

"நீ நல்லா இருப்பே தாயி!"

மனிதர் பறந்தார். மருந்துக் கடையைத் தாண்டினார். சாலையைக் கடந்து, ஃபோர் டி லாட்டரி விற்கும் இடத்து வரிசையில் போய் நின்றார்.

ஜரீனா ராமலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தானா? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"இத்தனை பேர் நடுவுல அவர் மானத்தை எப்படிக்கா வாங்கறது?" ராமலிங்கம் அந்த வரிசையைப் பார்த்தபடியே சொன்னான். "ஆறு மணிக்கு கவுண்டர் மூடிட்டா அடங்கிடுவார். குலுக்கல் நெருங்க நெருங்க மூளை அவர் பேச்சையே கேக்காதாம், சூதாட்டப் பழக்கத்தை விட உதவற ஆலோசகர் சொன்னாங்க. சீனப் புத்தாண்டுலேருந்து லாட்டரியைத் தொடாமத்தான் இருந்தார்."

"அதுக்காக, வயசானவர்கிட்ட பர்ஸைப் பிடுங்கி வைக்கிறதா?" ஜரீனா இன்னும் விடவில்லை.

"நான் எங்கக்கா பிடுங்கினேன்? காலையில அவரேதான் என் கையில திணிச்சார். 'சாயங்காலம் உன் காலைப் பிடிச்சு அழுதாலும் கொடுத்துடாதேடா'ன்னு."