காத்தமுத்துவின் ஏகாதசி

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் சாயங்காலம், காத்தமுத்துவின் ஸ்ரீரங்கத்து ஒற்றை அறையில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். உப்பிலியபுரத்து மருதை மாமா, அத்தை, அவர்கள் பெற்ற ஐந்து வயிறுகள்.

"பி.ஏ. மாப்ளே ரங்கத்துல இருக்கறப்ப, சொர்க்கவாசல் பார்க்க வந்தவங்க சத்திரத்துலயா தங்கறது?" என்றார் மாமா.

காத்தமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டான். குமாஸ்தா வேலையில் சேர்ந்து ஆறு மாதம். சம்பளத்தில் பாதியை வாடகை விழுங்கியது, மீதியை ஹோட்டல்காரன் விழுங்கினான். பையில் இருந்தது இரண்டே ரூபாய். ஒண்ணாம் தேதி வரைக்கும் அதுதான் சோறு.

ராத்திரிக்கு அவர்களே கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தார்கள். நாளைக்கு?

படித்த மூளை சும்மா இருக்குமா?

"மாமா, ஏகாதசியன்னிக்கு இங்க பச்சைத் தண்ணி கூடப் பல்லுல படக் கூடாதுங்க. பட்டா, சொர்க்கவாசல் மிதிச்ச புண்ணியமெல்லாம் போச்சு!"

"புள்ளைங்களுக்குமா?" என்றாள் அத்தை.

"புள்ளைங்களுக்கு ரெண்டு பங்கு புண்ணியங்க, அத்தை."

மாமா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் சொர்க்கவாசல் மிதித்த கையோடு, ஆபீசில் அவசர வேலை என்று காத்தமுத்து நழுவினான்.

"போயிட்டு வா, மாப்ளே. நாங்க கோயில்லயே பெருமாளை நெனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் பெருமாள் கண்ணில் பட மாட்டோம் என்பது காத்தமுத்துவின் கணக்கு. டவுனில் ஒரு காபி கிளப்பில் நுழைந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு தோசை சொன்னான்.

இரண்டு வந்தது. கூடவே வடை.

"யோவ், நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"சாப்பிடுங்க சார். பில் குடுத்தாச்சு" என்றார் சர்வர்.

"யாரு?"

"ஒரு கிராமத்துப் பெரியவர். சம்சாரம், அஞ்சு புள்ளைங்களோட இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சார். நீங்க உள்ளே வர்றதைப் பார்த்ததும் எல்லாரையும் பின்வாசல் வழியாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார்."

காத்தமுத்து பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"என்னைப் பத்தி... எதாவது சொன்னாரா?"

"சொன்னார் சார். 'மாசக் கடைசி, புள்ள கையில காசிருக்காது. எங்களுக்காக அதுவும் பட்டினி கெடக்குமோன்னு நெனைச்சுத்தான் எங்களுக்குச் சோறே எறங்கல. இப்பத்தான் நிம்மதி. நாங்க இங்க வந்ததை மட்டும் சொல்லிடாதீங்க, புள்ள வெக்கப்படும்'னார்."