தவசி பிடித்த குடம்

பாத்திரக் கடையின் பரணிலிருந்து பிச்சைமணி குடங்களை ஒவ்வொன்றாகக் கீழே விடுவான். தவசி அண்ணாந்து நின்று பிடிப்பான். ஏணியில் ஏறி இறங்கும் நேரத்தில் வியாபாரம் போய்விடும் என்று முதலாளி கொண்டுவந்த வழக்கம் அது. கை தவறிக் குடத்தில் சொட்டை விழுந்தால் தவசியின் கன்னத்தில் அறை விழும். வாங்கிய அறைகளிலேயே அவன் கைகள் தேறிவிட்டன. அன்று கல்யாணச் சீருக்கு வந்தவர்கள் பெரிய பித்தளைக் குடம் கேட்டார்கள். “பிடி மாப்ள!” என்று பிச்சைமணி குனிந்ததும் பரண் பலகை படீரென்று முறிந்தது. குடமும் ஆளும் ஒன்றாக வந்து விழ, தவசியின் கைகள் குடத்தைப் பிடித்தன. பிச்சைமணியின் மண்டை கல்தரையில் மோதிப் பிளந்தது. சூடான ரத்தம் தவசியின் கால்விரல்களுக்கிடையே ஓடியது. சீர் வாங்க வந்த பெண் அலறினாள். ஓடிவந்த முதலாளி முதலில் குடத்தைத்தான் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம்தான், “ஐயோ, ஆட்டோவக் கூப்பிடுங்கடா!” என்று கத்தினார். தவசி அவர் கையிலிருந்து குடத்தை வாங்கினான். தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தான். மறுபடியும் அடித்தான். கழுத்து ஒடிந்து வயிறு உள்ளே போகும்வரை, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அடித்துக்கொண்டே இருந்தான். பிறகு முதலாளியின் முன்னால் வந்து நின்று கன்னத்தைக் காட்டினான்.

“சொட்ட விழுந்திருச்சு மொதலாளி. அடிங்க.”

முதலாளியின் கை தானாக மேலே எழுந்தது.