இப்படிக்கு, மேயர்

மேயர் ஸ்டான்லி வொய்டனெக் ஜன்னலோரம் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெரிய நாற்காலியை, சாமான்களை அடுக்கிய ஓர் அட்டைப்பெட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிரே தட்டச்சு மேசையில் செயலாளர் வெர்னா. கதவோரம், கணப்பின் மேல் கையுறைகளைக் காயவைத்தபடி, பனிவாரும் வண்டிகளின் மேற்பார்வையாளர் டுவேன். முப்பத்திரண்டு வருடப் பதவிக்கு இன்று கடைசி நாள். நாலு மணி வெளிச்சம் ஆற்றுப் பாலத்தின் மேல் மங்குகிறது. வெளியே ஒரு வண்டி பனியை வாருகிறது. எந்தத் தெருவென்று சத்தத்தை வைத்தே மேயருக்குத் தெரியும். மகள் மார்சியாவுக்கு எழுதிய கடிதத்தின் உறையில் அவள் தெருப் பெயரை மட்டும் பழைய கிறிஸ்துமஸ் அட்டையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஆற்றில் வெள்ளம் வந்த வாரம் நடந்த அவள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. ‘பனி உருகியதும் உன் வீட்டுக்கு வரலாமா?’ என்று இப்போது கேட்டிருக்கிறார்.

வெர்னா கடிதத்தை வாங்கிப் பார்க்கிறாள். “ஏன் மேயரே, பெத்த பொண்ணுக்குமா ‘இப்படிக்கு, மேயர்’? குப்பை வண்டி வரலேன்னு புகார் எழுதினவளா அவ?”

“கோப்புல வைக்க ஒரு நகல் கேக்காம விட்டாரே” என்று டுவேன் சிரிக்கிறான்.

மேயர் சிரிக்கவில்லை. வேறு தாளில் முழுவதையும் மறுபடி எழுதுகிறார். கடைசி வரியில் பேனா வெகுநேரம் நிற்கிறது. பிறகு ‘அப்பா’ என்று போடுகிறார். பழகாத கையெழுத்து, சற்றே கோணலாக விழுகிறது. உறையை ஒட்டுகிறார்.

“குடுங்க, போற வழியில போட்டுடறேன்” என்கிறான் டுவேன்.

“வேணாம்ப்பா.”

அவரே பனியில் இறங்கி நடக்கிறார். தபால்பெட்டிக்குள் உறை விழும் சத்தம் கேட்ட பிறகும், அதன் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.