இன்ஸ்பெக்டர் வீட்டுக் கார்

"பெயில்! ஹாரன் அடிக்கலை. எழுதிக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதுங்க. எழுதறதுக்குன்னே பொறந்தவர்தானே நீங்க" என்று காரின் வயிற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது. பானெட்டுக்குள் இடுப்பு வரை கவிழ்ந்திருந்தாள் அவர் மனைவி.

முப்பத்திரண்டு வருஷம் டிரைவிங் டெஸ்ட் வைத்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் அவர். ரிடையராகி ஆறு வருஷமாகியும் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா இறங்கவில்லை. அந்தப் பேனாவுக்குப் பயந்து சைக்கிளோடு காலம் தள்ளியவர்கள் ஊரில் பாதிப் பேர். சொந்த மனைவியையே நாலு தடவை பெயிலாக்கியவர். "எனக்கு வீடு வேற, ஆபீஸ் வேற" என்று அதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையில் அந்தப் பேனாவைத் தொட்டுக்கொள்வார்.

கார் அவளுடைய அப்பாவினுடையது. மனுஷர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். அவர் காலமானதும் அங்கே வேலை பார்த்தவர் ஓட்டிவந்து கொட்டகையில் விட்டுப் போனார். பதினெட்டு வருஷம் அது அசையவில்லை.

"கவர்ன்மென்ட் உத்தியோகத்துல இருக்கறவன் கார்ல போனா, லஞ்சப் பணம்னு பேசுவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அப்போது. ரிடையரான பிறகு, "எளிமையா வாழ்ந்து காட்டணும்" என்றார். எலிகள் மட்டும் காரில் வசதியாக வாழ்ந்தன.

போன வாரம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஓடாத வண்டிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய இரும்புக்குப் போகும்.

"நல்லதாப் போச்சு. எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்கப்பா கார் மேல கை வெக்கறவங்க முதல்ல என்னைத் தூக்கிக்கிட்டுப் போகட்டும்!"

அன்றைக்கே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். எலிக்கூட்டை வாரிக் கொட்டினாள். கெட்டுப்போன பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினாள். புது பேட்டரி மாட்டினாள். கார்புரேட்டரைக் கழற்றிச் சமையல் மேடையில் பரப்பியதில் மூன்று நாள் டீயில் பெட்ரோல் வாசம். அவள் ஒவ்வொன்றாகச் சரி செய்யச் செய்ய, இன்ஸ்பெக்டரின் நோட்டில் சிவப்பு நீண்டுகொண்டே போனது.

இன்று ஞாயிறு. மணி ஒன்பது நாற்பது. வாசலில் சங்கிலியோடு லாரி வந்து நின்றது. சங்கச் செயலாளர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், நேரமாச்சு."

"தாராளமா இழுத்துட்டுப் போங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"என்னை மூணாவது தடவை பெயிலாக்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க சார்" என்றார் செயலாளர், மறக்காமல்.

"பத்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கு தம்பி. ஓரமா நில்லுங்க" என்றாள் அவள். சாவியைத் திருகினாள். கர்ர்ர் என்று இழுத்துவிட்டு அடங்கியது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினாள். மறுபடி திருகினாள். கார் இருமியது. மூன்றாவது தடவை, பதினெட்டு வருஷப் புகையை மொத்தமாகக் கக்கிவிட்டு உறுமத் தொடங்கியது.

"ஓடிடுச்சே!" என்று செயலாளரே கைதட்டிவிட்டார். பிறகு பதவி ஞாபகம் வந்து, "ஆனா அக்கா, காம்பவுண்டை ஒரு சுத்து சுத்தி வந்தாத்தான் கணக்கு. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு" என்றார்.

"அதுக்கென்ன" என்று அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"இறங்கு கீழே!" இன்ஸ்பெக்டரின் கர்ஜனையில் லாரிக்காரர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார். "லைசன்ஸ் இல்லாதவ என் கண்ணு முன்னாடி வண்டி ஓட்டறதா? காம்பவுண்டா இருந்தா என்ன, கட்டாந்தரையா இருந்தா என்ன?"

"லைசன்ஸ் ஏன் இல்லைன்னு ஊருக்கே தெரியும்."

"தகுதி இல்லை. அதனால இல்லை!"

லாரிக்காரர் சங்கிலியை எடுத்துக்கொண்டு காரை நெருங்கினார். அவள் ஒரு கணம் கணவரைப் பார்த்தாள். பிறகு இறங்கி, கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள்.

"சரி. தகுதி இருக்கறவங்க ஓட்டுங்க."

"எனக்கு முதுகு..."

"ஒரே ஒரு சுத்துதான்."

"கண்ணாடி உள்ளே இருக்கு..."

"மூக்கு மேல இருக்கு."

"ஏறுங்க சார்!" என்றார் செயலாளர். "எப்படி ஓட்டணும்னு நாங்களும் பார்த்துக் கத்துக்கறோம்."

வேறு வழியில்லை. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரி செய்தார். கைக்குட்டையால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். மறுபடியும் கண்ணாடியைச் சரி செய்தார்.

"சார், மூணு நிமிஷம்!"

இன்ஸ்பெக்டர் மனைவியை விரலால் ஜன்னலருகே கூப்பிட்டார். அவள் குனிந்தாள். முப்பத்திரண்டு வருஷம் ஊரையே நடுங்கவைத்த குரல், முதல் தடவையாகக் கிசுகிசுத்தது.

"கத்தி மானத்தை வாங்கிடாதே... இதுல பிரேக் எது?"

"நடுவுல இருக்கறது" என்றாள் அவள். "தள்ளி உக்காருங்க."