பத்து நிமிஷம் ஃபாஸ்ட்

மேஜைமேல் இருந்த அணுக் கடிகாரத்துக்கு நேற்றிலிருந்து ஒரே பயம். துல்லிய நேரத்தில் பித்துப் பிடித்த வைத்தியலிங்கம், அதைச் சோதிக்க இன்னொரு அணுக் கடிகாரம் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். இரண்டுக்கும் நொடியின் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம். தப்பு யார் பேரில்?

"உனக்குப் பயமே இல்லையா? பத்து நிமிஷம் முன்னாடி ஓடுறியே!" என்று முதல் அணுக் கடிகாரம் எதிரே தொங்கிய சுவர்க் கடிகாரத்திடம் கேட்டது.

"ரயிலைத் தவறவிடக் கூடாதுன்னு அவரே கூட்டி வச்சதுதானே. என் தப்பு எவ்வளவுன்னு அவருக்குத் தெரியும்."

வைத்தியலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். சுவரைப் பார்த்தார், மனசுக்குள் பத்தைக் கழித்தார், ரயிலுக்கு ஓடினார். மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை.

அணுக் கடிகாரம் மெல்லக் கேட்டது: "அண்ணே, சாயங்காலம் அவர் வந்ததும் எனக்கும் பத்து நிமிஷம் கூட்டி வைக்கச் சொல்றீங்களா?"